குழம்புவது பிள்ளையா, நாமா?

நடுவர் ஐயா அவர்களே, கோயில் மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். பள்ளிக்குப் போகுமுன் வீட்டிலேயே இரண்டாம் மொழி கற்றுக்கொடுப்பது பிள்ளைக்கு வரமா, சுமையா என்பது தலைப்பு. நான் வரம் என்று பேச வந்தவள்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் நன்றாகப் பயம் காட்டிவிட்டுப் போனார். இரண்டு மொழி காதில் விழுந்தால் பிள்ளை குழம்பிப்போகுமாம், பேச்சே பிந்துமாம். ஐயா, மலேசியாவில் இருக்கிற நம் ஊருக்கே இரண்டு பெயர். பலகையில் பெஸ்தாரி ஜெயா, பாட்டிமார் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை. பாட்டி பழைய பெயரைச் சொல்லித்தான் பஸ் ஏறுகிறார், சரியான இடத்தில்தான் இறங்குகிறார். பேச்சு பிந்துகிற பிள்ளை ஒரே மொழி பேசும் வீட்டிலும் உண்டு. அதற்குக் காதைச் சோதிக்க வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும். மலாயை நிறுத்தினால் பேச்சு வந்துவிடாது.

என் அக்கா மகளுக்கு நான்கு வயது. அக்காவும் மாமாவும் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளை பாட்டியிடம், பாதி நேரம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்கிடம். பாட்டிக்குத் தமிழ் மட்டும், மக்சிக்குக்கு மலாய் மட்டும். போன வாரம் பசார் மாலாம் இரவுச் சந்தையில் நானும் கூட இருந்தேன். குயே பலகாரம் விற்கிறவரிடம் பிள்ளை, "பெராப்பா?" என்று மலாயில் விலை கேட்டது. அவர் பதில் சொன்னதும் திரும்பி, "பாட்டி, ரெண்டு வெள்ளியாம்" என்றது. பாட்டி ஒன்றரைக்குத் தரச்சொல் என்றார். பிள்ளை பேரம் பேசியது! யாரும் உட்கார்ந்து பாடம் நடத்தவில்லை, சொல் எழுதிய அட்டையைக் காட்டவில்லை.

இது நம் தாமான் குடியிருப்பில் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. ஜூல் ரோன்ஜா என்ற பிரெஞ்சு மொழியறிஞர், தான் பிரெஞ்சிலும் மனைவி ஜெர்மனிலும் மட்டுமே மகனிடம் பேசி, பிள்ளை இரண்டையும் கற்ற விதத்தை எழுதி வைத்து 1913இல் வெளியிட்டார். ஓர் ஆளுக்கு ஒரு மொழி, அவ்வளவுதான் ஏற்பாடு. அவர் வீட்டில் அப்பா, அம்மா. நம் வீட்டில் பாட்டி, மக்சிக்.

எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. தோட்டத்து லயத்தில் வளர்ந்தேன், சுற்றிலும் தமிழ்தான். மலாய் எனக்கு ஏழு வயதில் கரும்பலகையில்தான் அறிமுகம். பள்ளியில் அது பாடம், வெளியே வந்தால் பேச ஆளில்லை. ஆறாம் ஆண்டு முடித்ததும், மலாயில் நடக்கும் இடைநிலைப் பள்ளிக்கு என் மலாய் போதாது என்று புகுமுக வகுப்பில் உட்காரவைத்தார்கள். என் வயதுப் பிள்ளைகள் படிவம் ஒன்றில், நான் ஓர் ஆண்டு பின்னால். கணக்கு எனக்கு நன்றாக வரும். ஆனால் ஆசிரியர் மலாயில் கேட்ட கேள்வியே புரியாமல் எழுந்து நின்றிருக்கிறேன். அண்ணன் சுமை சுமை என்கிறாரே, அந்த ஒரு வருடம் யார் தலையில் இருந்தது?

சரி, அவர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். "வாட்டர் குடி, ஷூ போடு, அங்கிளுக்கு பாய் சொல்லு" என்று பேசுகிற வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. அங்கே ஆங்கிலமும் வளர்வதில்லை, தமிழும் தேய்கிறது. ஆனால் அது இரண்டாம் மொழி செய்த குற்றமா? தனக்கு வராத மொழியில் பிள்ளையைக் கொஞ்சுகிற அப்பா செய்தது. கொஞ்சுவதையும் திட்டுவதையும் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். மலாய்க்கு மக்சிக் இருக்கிறார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த சித்தப்பா இருந்தால் அவரை ஆங்கிலத்திலேயே கதை சொல்லச் சொல்லுங்கள். அப்படி யாருமே இல்லாத வீட்டில் அவசரப்பட வேண்டாம், தமிழிலேயே நிறையப் பேசுங்கள். இதைச் சொன்னதற்கு என் அணித்தலைவர் முறைக்கிறார், பரவாயில்லை.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, அந்தப் பிள்ளை கடைசி வரிசையில் பாட்டி மடியில்தான் படுத்திருக்கிறது. தீர்ப்புக்கு முன் எந்த மொழியில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு குயே இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எந்த மொழியிலும் பதில் வராது.