ஷாநாமா போர் ஓவியங்களில் ஓங்கி நிற்பது துயரமே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பாரசீக மன்னர்களின், வீரர்களின் கதையைச் சொல்லும் ஃபிர்தௌசியின் காவியம் ஷாநாமா. அதன் சுவடிகளில் வரைந்த நுண்ணோவியங்களின் போர்க் காட்சிகளில் ஓங்கி நிற்பது அரசரின் பெருமையா, போரின் துயரமா? துயரமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் செலவுக் கணக்கை எடுத்து வைத்தார். அரண்மனை ஓவியக் கூடம், தங்கப் பூச்சு, பதக்‌ஷான் மலையிலிருந்து வந்த நீலக்கல் என்று அடுக்கினார். 258 ஓவியங்கள் கொண்ட தன் ஷாநாமா சுவடியைப் பாரசீக அரசர் ஷா தஹ்மாஸ்ப் உதுமானிய சுல்தான் இரண்டாம் செலீமுக்குப் பரிசாக அனுப்பியதையும் சொன்னார். எல்லாம் சரி ஐயா, காசு கொடுத்தவர் அரசர்தான். படத்துக்குள் என்ன இருக்கிறது? அதைப் பார்க்க வேண்டாமா?

ருஸ்தம் தன் மகன் சொஹ்ராபை யாரென்று தெரியாமல் கொல்லும் கதையைப் பல நூற்றாண்டுகளாக வரைந்திருக்கிறார்கள். ஃபிர்தௌசியின் காவியத்தில் ருஸ்தமை மிஞ்சிய வீரன் கிடையாது. பெருமைதான் முக்கியம் என்றால் அவன் எதிரியை வீழ்த்தும் கணத்தோடு நிறுத்தியிருக்கலாமே! பல ஓவியர்கள் அதற்கு அடுத்த கணத்துக்குப் போகிறார்கள். சொஹ்ராப் தரையில் கிடக்கிறான், மார்பில் ரத்தம். கவசத்தை விலக்கினால் கையில் காப்பு. சொஹ்ராபின் தாய் தஹ்மீனாவிடம் ருஸ்தமே கொடுத்துவிட்டுப் போன காப்பு! பெற்றவன் சட்டையைக் கிழித்துக்கொண்டு கதறுகிறான். சுற்றிலும் பூச்செடிகள். வெறும் அலங்காரம் என்கிறது எதிரணி. அந்தப் பூக்களுக்கு நடுவே ஒரு பிள்ளை சாகிறான் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அடுத்து, 1330-களில், பாரசீகத்தை ஆண்ட இல்கான் மங்கோலியர் ஆட்சியில் உருவான பெரிய ஷாநாமா சுவடி. அதில் இஸ்கந்தர், அதாவது அலெக்சாந்தர், இந்திய மன்னன் ஃபூரோடு மோதுகிறார். நாம் பள்ளியில் போரஸ் என்று படித்தோமே, அவர்தான். இஸ்கந்தர் பக்கம் சக்கரம் பூட்டிய இரும்புக் குதிரைகள், வயிற்றுக்குள் தீப்பற்றும் நஃப்தா எண்ணெய், மூக்கு வழியாகச் சீறும் தீ. 'இதைவிட வெற்றி முழக்கம் வேண்டுமா?' என்று எதிரணி கேட்டது.

அதே சுவடியில் அதே இஸ்கந்தர் சவப்பெட்டியில் கிடக்கும் ஓவியமும் உண்டு. தாய் பெட்டியின் மேல் விழுந்து அழுகிறாள். பெண்கள் தலைவிரிகோலமாக நிற்கிறார்கள். 1258-இல் பாக்தாதைச் சூறையாடிய குலத்தின் ஆட்சியில், வென்றவனின் சாவுக்கு இவ்வளவு பெரிய ஒப்பாரியை வரைந்திருக்கிறார்கள்!

இரண்டையும் சேர்த்துப் பார்க்க இன்று நமக்கு வழியில்லை. ஜார்ஜ் டெமோட் என்ற கலை வணிகர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுவடியைப் பிரித்து ஏடு ஏடாக விற்றுவிட்டார். தீக்குதிரைகள் ஹார்வர்டில், சவப்பெட்டி வாஷிங்டனில். போர் ஏட்டை மட்டும் தனியாகச் சட்டம் போட்டு மாட்டினால் வெற்றிதான் தெரியும். அன்று சுவடியைப் புரட்டியவர் அடுத்தடுத்த ஏடுகளில் அந்த அழுகைக்கும் வந்து சேர்ந்திருப்பார். எதிரணி காட்டிய படங்கள் எல்லாமே இப்படிப் பிரிந்த ஏடுகள் என்பதை நடுவர் கணக்கில் கொள்ள வேண்டும். நன்றி, வணக்கம்.