நிலாவுல இறங்காம திரும்பி வந்த மனுஷன் | ஒரு டாக்குமெண்டரி, நானும் எங்கப்பாவும்

வணக்கம் மக்களே, சவுண்ட் கேக்குதான்னு பாத்துக்கோங்க, பக்கத்து வீட்ல குக்கர் விசில் அடிச்சிட்டே இருக்கு, அத கண்டுக்காதீங்க. இன்னைக்கு வெளிய எங்கயும் போகல, ஷாப்பிங் இல்ல, சாப்பாடு இல்ல, சும்மா உக்காந்து பேசப் போறேன். நேத்து நைட்டு ஒரு படம் பாத்தேன், அது மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருக்கு.

படம் பேரு 'இன் தி ஷேடோ ஆஃப் தி மூன்', 2007ல வந்தது, டேவிட் சிங்டன்னு ஒருத்தர் எடுத்தது. புதுசெல்லாம் இல்ல, நான்தான் லேட். நாசாவோட அப்பல்லோ திட்டத்துல நிலாவுக்குப் போனவங்கள்ல பத்து பேர உக்கார வச்சு பேச விட்டிருக்காங்க. பின்னாடி கம்பீரமா ஒரு குரல் விளக்கம் குடுத்துட்டே வரும்ல, அதெல்லாம் கிடையாது. முகம், முகம், நடுவுல நாசா எடுத்து வச்சிருந்த பழைய ஃபிலிம், அவ்ளோதான். எல்லாரும் எழுபது தாண்டுனவங்க, கேமரா ரொம்ப கிட்ட இருக்கு, கண்ணோரத்து சுருக்கமெல்லாம் தெரியுது. ஆர்ம்ஸ்ட்ராங் மட்டும் வரல. அவரு இல்லாததும் ஒரு விதத்துல நல்லதுக்குத்தான், இருந்திருந்தா நம்ம கண்ணு அவர் மேலயே இருந்திருக்கும்.

நான் என்ன நெனச்சேன்னா பெருசு பெருசா பேசுவாங்க, மனிதகுலம் அது இதுன்னு. ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு அடுத்து நிலாவுல இறங்கின பஸ் ஆல்ட்ரின் என்ன சொல்றாரு தெரியுமா, ஏணியில இறங்கி வந்து நின்னாராம், உலகமே டிவியில பாத்துட்டு இருக்கு, அப்போ அவசரமா ஒண்ணுக்கு வந்துடுச்சாம், சூட்டுக்குள்ள அதுக்குன்னு பை இருக்கும், அங்கயே நின்னு போயிட்டாராம்! நிலாவுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு 'முதல்' இருக்கு, இந்த முதலுக்கு மட்டும் யாரும் போட்டிக்கு வரலன்ற மாதிரி சொல்றாரு. நான் சிரிச்ச சிரிப்புல உள்ள ரூம்ல இருந்த அப்பா எழுந்து வந்துட்டாரு, என்னடா இந்த நேரத்துலன்னு. அப்படியே உக்காந்தவருதான்.

எங்கப்பா எலக்ட்ரீஷியன், பழைய சப்ஸ்கிரைபர்ஸுக்கு தெரியும். அதனால அங்க பாஸ் பண்ணி அவருக்கு ஒரு விஷயம் சொன்னேன். ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் வெளிய நடந்துட்டு உள்ள வந்து பாத்தா, தரையில ஒரு சின்ன பொருள் உடைஞ்சு கெடக்கு. என்னன்னு பாத்தா ஒரு சர்க்யூட் பிரேக்கரோட தலை. முதுகுல அவ்ளோ பெரிய மூட்டைய மாட்டிக்கிட்டு அந்த பொந்துக்குள்ள திரும்பும்போது இடிச்சிருக்கு. சரி ஏதோ லைட் பிரேக்கர்னா பரவால்ல, இது நிலாவுல இருந்து மேல கிளம்புற எஞ்சினுக்கு உண்டான பிரேக்கர். அந்த எஞ்சின் ஒண்ணுதான், ஸ்பேர் கிடையாது. அத உள்ள அழுத்தினாத்தான் வீடு.

அப்பா உடனே கேக்குறாரு, "எதை வச்சுடா அழுத்துனாங்க?" ஆல்ட்ரின் சட்டைப்பையில இருந்த ஸ்கெட்ச் பேனாப்பா, அத ஓட்டைக்குள்ள விட்டு அழுத்திட்டாருன்னேன். அப்பா தலைய ஆட்டிட்டு, "அதானே, ஸ்க்ரூடிரைவர விட்டு குத்தியிருந்தான்னா முடிஞ்சது சோலி, கரண்ட் இருக்கிற எடத்துல இரும்ப விடலாமா"ன்னாரு. நிலாவுக்கு ராக்கெட் விட்டது அவருக்கு பெருசா தெரியல, இதுக்குத்தான் மரியாத வந்துச்சு. அப்பல்லோ 12 கிளம்பின ஒரு நிமிஷத்துக்குள்ள ரெண்டு தடவ மின்னல் அடிச்சு பேனல் முழுக்க வார்னிங் லைட்டா எரிஞ்சது, கீழ இருந்து சொன்ன ஒரு சுவிட்ச் எங்க இருக்குன்னு அதுல போன ஆலன் பீனுக்கு மட்டும் ஞாபகம் இருந்ததுன்னு சொன்னேன், அதுக்கும் அதே தலையாட்டல்தான்.

ஆனா நான் பேச வந்தது மைக்கேல் காலின்ஸ் பத்தி. நம்ம ஜிகே புக்ல மூணாவது பேரா இருப்பாரே, அவருதான். ரெண்டு பேர் கீழ இறங்கும்போது இவரு மட்டும் மேல கொலம்பியான்ற அவங்க விண்கலத்துல நிலாவ சுத்திட்டு இருந்தாரு, ஒரு நாளுக்கு மேல தனியா. ஒவ்வொரு சுத்துலயும் நிலாவுக்கு அந்தப் பக்கம் போகும்போது 48 நிமிஷம் ரேடியோ கட். ஒரு குரல் கூட கிடையாது. பாவம், எவ்ளோ தனிமையா இருந்திருக்கும்னு எல்லாரும் உச்சு கொட்டுவோம், ஆனா அவரு அந்த நேரம் நல்லாத்தான் இருந்துச்சுன்ற மாதிரிதான் பேசுறாரு. அவருக்கு இருந்த பயம் வேற. அந்த ஒத்த எஞ்சின் எரியலன்னா இவரால கீழ போய் ரெண்டு பேரையும் தூக்கிட்டு வர முடியாது, அந்த வண்டிக்கு கால் கிடையாது, இறங்குறதுக்கு செஞ்சதே இல்ல. அப்போ என்ன பண்ணுவாரு, தனியா வீட்டுக்கு வரணும். அத யோசிச்சு பாருங்க, தெருவுல நடந்து போனா பாக்குற ஒவ்வொருத்தனும் என்ன நெனப்பான்.

அந்த பேனா இல்லன்னா இவரு தனியா வந்திருப்பாரோ என்னவோ. இதுக்கப்புறம்தான் அப்பா ரிமோட்ட என் கையில இருந்து வாங்கிட்டாரு.

படத்துலயே ரொம்ப சிரிக்க வைக்கிறது காலின்ஸ்தான். திரும்பி வந்தப்புறம் மூணு பேரும் உலகம் பூரா டூர் போனாங்க, 1969 அக்டோபர்ல நம்ம பம்பாய்க்கு கூட வந்தாங்க. போன எடத்துல எல்லாம் ஜனங்க 'நீங்க அமெரிக்காக்காரங்க சாதிச்சிட்டீங்க'ன்னு சொல்லல, 'நாம சாதிச்சிட்டோம்'னுதான் சொன்னாங்கன்னு சொல்றாரு. இறங்காத ஆளு அத சொல்லும்போது அந்த 'நாம' வேற மாதிரி கேக்குது. இறங்கறதுக்கு இன்னொரு சான்ஸ் வர்ற மாதிரி இருந்தப்போ கூட வேணாம்னுட்டு 1970ல நாசாவ விட்டு வந்துட்டாரு. 2021ல தவறிட்டாரு. பீன் 2018லயே போயிட்டாரு.

அந்த பீன், அவரு பெயிண்டர் ஆயிட்டாரு தெரியுமா, நிலாவுல போட்டுட்டு போன சூட்ல இருந்த பேட்ச்சுல ஒட்டியிருந்த தூசிய பெயிண்ட்ல கலந்து வரைஞ்சவரு. அவரு ஒண்ணு சொல்றாரு, அங்க போய்ட்டு வந்ததுக்கப்புறம் வெயில் மழைன்னு ஒரு தடவ கூட குறை சொன்னதில்லையாம், டிராஃபிக்க திட்டினதில்லையாம். ஷாப்பிங் சென்டருக்கு போய் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிட்டு போறவங்க வர்றவங்கள வேடிக்க பாப்பாராம். நான் நேத்து சாயங்காலம் சிக்னல்ல முன்னாடி நின்னவனுக்கு குடுத்த வசவ நெனச்சு கொஞ்சம் அசிங்கமா இருந்துச்சு.

அப்புறம் கமெண்ட்ல வழக்கமா வருவீங்களே, எல்லாம் செட்டு போட்டு எடுத்ததுன்னு, உங்களுக்காகவே கடைசியில பேர் ஓடும்போது அவங்களே பதில் சொல்றாங்க, எழுந்து போயிடாதீங்க. நிலாவுல நடந்தவங்கள்ல ஒருத்தரான சார்லி டியூக் கேக்குறாரு, ஒன்பது தடவ போனோம், பொய்ன்னா எதுக்கு ஒன்பது தடவ பொய் சொல்லணும்னு. அப்பா அதுக்கு, "ஒரு வேலைய ஒன்பது வாட்டி போய் பாத்திருக்கான்னா லைன்ல எங்கயோ ஃபால்ட் இருந்திருக்கு"ன்னாரு, அவருக்கு எதுவுமே சர்வீஸ் கால்தான்.

காலையில டீ குடிக்கும்போது கேட்டாரு, "அந்த இறங்காத ஆளு பேரு என்னடா?" காலின்ஸ்ப்பான்னேன். முதல் பாதி பாக்கலயாம், இன்னைக்கு நைட்டு முதல்ல இருந்து போடணுமாம். சார்ஜ் வேற பன்னெண்டு பர்சென்ட் காட்டுது, வச்சிடறேன் மக்களே.