மலை ஏறாத மாத்திரை

வணக்கம் மக்களே. இன்றைக்கு வியூ பாயிண்ட் எதுவும் காட்டப் போவதில்லை. ஏற்காட்டு மலைக் கிராமத்து ஜனங்கள் மாதா மாதம் மாத்திரை வாங்க என்ன பாடு படுகிறார்கள் என்பதைத்தான் பேசப் போகிறேன்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைச் சுற்றி எங்கே திரும்பினாலும் மெடிக்கல்தான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு டவுனுக்கு வந்தாலும் கடை உண்டு. அதற்கும் அப்பால், நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம் என்று உள்ளே போகப் போகத்தான் சிக்கல். காபித் தோட்டங்களுக்கு நடுவே நாலு வீடு இங்கே, பத்து வீடு அங்கே. பஸ் வரும் நேரம் பார்த்துத்தான் டவுனுக்குக் கிளம்ப முடியும்.

வலிப்பு நோய் இருக்கிற ஒரு பையனின் அம்மா என்னிடம் சொன்னார்: "மாத்திரை விலை பெரிசில்ல தம்பி. அதை வாங்கப் போனா அன்னிக்கு கூலி போயிடுது." அதனால் சில நாள் தள்ளிப் போடுகிறார்கள். வலிப்பு மாத்திரையை அப்படித் திடீரென்று நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரக்கூடும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனால் இன்னும் மோசம்.

சரி, அரசு சும்மா இருக்கிறதா என்றால், இல்லை. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு முழுக்க 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தார்கள். பி.பார்ம், டி.பார்ம் படித்தவர்களும் கூட்டுறவு சங்கங்களும் நடத்தலாம். தனிநபர் நடத்தினால் 3 லட்சம் ரூபாய் மானியம். ஜெனரிக் மாத்திரை, அதாவது பிராண்டு பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே விற்கிற மாத்திரை, குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008-லேயே ஆரம்பித்தது. இரண்டுமே நல்ல திட்டங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கடை என்றால் வியாபாரம் நடக்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும், பார்மசிஸ்ட் உட்கார வேண்டும். நாற்பது வீடு இருக்கிற ஊரில் யார் வந்து கடை போடுவார்கள்? எத்தனை கடை திறந்தோம் என்று எண்ணினால் போதாது. கடைசி வீட்டில் இருக்கிறவர் மாத்திரைக்காக எவ்வளவு தூரம் போகிறார் என்று அளக்க வேண்டும்.

பார்மசிஸ்ட் இல்லாமலே மலையில் விற்க அனுமதி கொடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கிற மாத்திரையைப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் கொடுக்க வேண்டும் என்கிறது 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டம். மலையில் இருக்கிறவர் உயிருக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். சின்னச் சின்ன உபாதைக்கு விதியிலேயே இடம் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு மேல் இல்லாத கிராமத்தில் பாராசிட்டமால், வலி தைலம் போன்றவற்றை, உரிமம் உள்ள மொத்தக் கடையில் வாங்கி, பிரிக்காத பேக்கோடு பெட்டிக்கடையில் விற்கலாம். ஆன்டிபயாடிக்கை அப்படி விற்கக் கூடாது, நீங்களும் கேட்டு வாங்காதீர்கள்.

வழி நம்மிடமே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்கிற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. காலையில் தோட்ட வேலைக்குப் போகிற பெரியவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். மலைக் கிராமங்களில் அந்த மாத்திரைகளோடு வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் எல்லாம் சேர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து பார்மசிஸ்ட் சீட்டைப் பார்த்து, பேர் எழுதி, ஒரு மாதத்துக்குக் கட்டிக் கொடுக்கட்டும். ரேஷன் அரிசி ஊருக்கு வருகிற நாளில் இந்தக் கட்டும் கூடவே வரட்டும். அரிசிக்கு வண்டி ஏறுகிற பாதையில் மாத்திரையும் ஏறும்தானே? மருந்து வாங்கிக் கொடுக்க 1994-இல் இருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிக்கு மொத்தமாக வாங்குவதே அவர்கள்தான்.

அப்புறம், மெடிக்கலுக்குப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முழு அட்டை வாங்கக் காசு இல்லையென்றால் நாலு மாத்திரை மட்டும் கேட்கலாம். அட்டை விலையை வகுத்து வருகிற தொகைக்கு மேல் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் அது தெளிவாக இருக்கிறது. வெட்டித் தருகிற துண்டில் காலாவதி தேதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பில் கேளுங்கள்.

ஏற்காடு ஒன்றியத்தில் இருக்கிறவர்கள் அடுத்த கிராம சபைக்கு இதை எடுத்துப் போங்கள். "மெடிக்கல் வேண்டும்" என்று ஒற்றை வரியில் தீர்மானம் போட்டால் பலன் இருக்காது. எந்த ஊர், எந்த நோய், எத்தனை பேர், இப்போது எங்கே போய் மாத்திரை வாங்குகிறார்கள் என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். நோயாளி பேரைப் பொதுவில் படிக்க வேண்டாம், எண்ணிக்கை போதும். தீர்மான நகலைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒரு பிரதியை வட்டார மருத்துவ அலுவலரிடமும் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.