ஆனைக்கொம்பன் யாருக்குப் பங்காளி?

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டில் புதிதாக அறிமுகமாகும் நகரத்தாரிடம் பெரியவர்கள், "எந்தக் கோயில்?" என்று கேட்பார்கள். இளையாற்றங்குடியா, மாத்தூரா, பிள்ளையார்பட்டியா என்று தெரிந்தால் பங்காளி யார், சம்பந்தம் செய்யத்தக்கவர் யார் என்பது விளங்கிவிடும். முகச்சாயலை வைத்து யாரும் உறவு சொல்வதில்லை. நெற்பயிரைக் கெடுக்கும் ஆனைக்கொம்பன் ஈ போன்ற பூச்சிகளையும் அப்படித்தான் வகைப்படுத்த வேண்டும்.

ஐப்பசி மழைக்குப் பின் மட்கிய இலைகளிலிருந்தும் ஈரமான தொட்டி மண்ணிலிருந்தும் கறுத்த சிறு பூச்சிகள் எழும்பும். கொசுவைப் போலிருக்கும், கடிக்காது. இவைதாம் பூஞ்சைக் கொசுக்கள். இவற்றின் புழுக்களில் பெரும்பாலானவை பூஞ்சையை உண்டு வளர்கின்றன. மைசெட்டோபிலிடே, சியாரிடே, கெரோபிளாட்டிடே எனப் பல குடும்பங்கள் சேர்ந்த பெருங்கூட்டம் இது. நியூசிலாந்தின் வைட்டோமோ குகைக் கூரையில் ஒளி காட்டி இரை பிடிக்கும் புழுவும் இதே வம்சம்தான்.

நெல் வயலுக்கு வருவோம். குருத்து வெங்காயத் தாள்போலக் குழலாகிவிட்டால் அந்தத் தூரில் கதிர் வராது என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும். ஆனைக்கொம்பன் ஈயின் வேலை அது. 1889-இல் உட்-மேசன் என்ற விலங்கியலாளர் அறிவியல் பெயரிட்ட இந்த ஈ, செசிடோமையிடே குடும்பத்தைச் சேர்ந்தது. செடிகளில் புடைப்பு உண்டாக்குவதற்குப் பேர்போன குடும்பம். ஆனால் அதன் பழைய கிளைகள் இன்றும் பூஞ்சையைத்தான் உண்கின்றன. பயிருக்குள் புகுந்தவை பின்னால் பிரிந்த கிளைகள். பூஞ்சைக் கொசுக்களின் பெருங்கூட்டத்திலேயே இதற்கும் இடம் உண்டு.

இந்த இடத்தைத் தீர்மானிப்பது எளிதாக இருக்கவில்லை. குடும்பங்களைப் பிரிக்க அறிஞர்கள் நம்பியது சிறகு நரம்புகளை. செசிடோமையிடேவிலோ பல நரம்புகள் மறைந்தே போயின. இல்லாத நரம்பை எதனோடு ஒப்பிடுவது? சியாரிடேவைப் போல இதற்கும் இரு கண்களும் உணர்கொம்புகளுக்கு மேலே பாலம்போல இணைந்திருக்கும். ஆனால் அந்த ஒரு சாயலை மட்டும் நம்பி உறவு சொல்லிவிட முடியாது.

என்னை வியக்க வைப்பது குரோமோசோம்களின் சாட்சிதான். சியாரிடே, செசிடோமையிடே ஆகிய இரு குடும்பங்களிலும் ஆண் பூச்சி, தாயிடமிருந்து பெற்ற குரோமோசோம்களை மட்டுமே பிள்ளைகளுக்குத் தருகிறது. தந்தை வழியில் வந்தவை விந்து உருவாகும்போது கழிக்கப்பட்டுவிடும். உடல் செல்களில் காணாத, இனப்பெருக்க செல்களில் மட்டும் தங்கும் தனிக் குரோமோசோம்களும் இரண்டிலும் உண்டு. சியாரிடேவைச் சேர்ந்த பிராடிசியா கோப்ரோபிலா என்ற பூச்சியின் அத்தகைய குரோமோசோம்களை ஆராய்ந்து 2022-இல் ஒரு கட்டுரை வெளியானது. அவற்றின் மரபணுக்கள் பல செசிடோமையிடேவின் மரபணுக்களுக்கே நெருக்கமாக இருந்தன. பிரிந்துபோன இரு குடும்பங்களுக்கிடையே முன்னொரு காலத்தில் கலப்பு நடந்திருக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் ஆனைக்கொம்பனின் குடும்பம், தொட்டி மண்ணில் பறக்கும், சியாரிடேவைச் சேர்ந்த அந்தக் கறுத்த பூச்சிக்குப் பங்காளி மட்டுமல்ல, சம்பந்தியும்கூட.