கூட்டி வருவதே பெரிய உதவி

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணாமாரே, அக்காமாரே, இந்த மண்டபம் நிறைய இருக்கும் உறவுகளே, வணக்கம்.

போரில் வீடிழந்து தவிக்கும் ஒரு குடும்பத்துக்கு நாங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, இருக்கும் இடத்துக்குப் பணம் அனுப்புவதா, கனடாவுக்குக் கூட்டி வருவதா? இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு குடும்பத்தை ஸ்பொன்சர் செய்து, அதாவது பொறுப்பெடுத்து இங்கே கூட்டி வந்து, ஒரு வருடம் பார்க்கிற காசில், லெபனானில் பத்துக் குடும்பத்துக்குச் சோறு போடலாம் என்றார். உலகத்து அகதிகளில் மூன்றாவது நாடொன்றில் குடியேற ஒரு வருடத்தில் இடம் கிடைப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்றார். இரண்டையும் நான் மறுக்கவில்லை. சோறு கிடைத்த பிறகு அந்தக் குடும்பம் எத்தனை வருடம் அப்படியே இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

நடுவர் அவர்களே, இதற்குப் பதில் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து கடல் தாண்டிப் போன எங்கள் சனம் அங்கே இருக்கிறது. தமிழ்நாடு அரசு மாதப் பணம் கொடுத்தது, அரிசி கொடுத்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது, புதிய வீடுகளும் கட்டிக் கொடுத்தது. அந்த நன்றியை நாங்கள் மறக்கக் கூடாது. அதே மொழி, அதே கோயில், அதே சாப்பாடு. இருக்கும் இடத்தில் வைத்து உதவ இதைவிடத் தோதான மண் எங்கே இருக்கிறது? அப்படியிருந்தும் அங்கேயே பிறந்து, அங்கேயே கலியாணம் கட்டி, பிள்ளையும் பெற்றவர்களில் பெரும்பாலானோர் இன்றைக்கும் இந்தியக் குடிமக்கள் இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதும் இவர்களைச் சேர்க்கவில்லை. நாற்பது வருட உதவியால் தர முடியாத ஒன்று இருக்கிறது, நடுவர் அவர்களே. நாளைக்கு யாரும் என்னை எழும்பிப் போ என்று சொல்ல முடியாது என்கிற உறுதி. அதைக் காசாக அனுப்ப முடியாது.

அடுத்தது, பணம் அனுப்பு, பணம் அனுப்பு என்கிறார்களே, அனுப்புகிற கை இங்கே எப்படி வந்தது? 1986 ஓகஸ்ட் 11. நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள். கஸ் டால்ரன் என்ற மீன்பிடிக் கப்டன் அவர்களைக் கண்டு, தன் படகில் ஏற்றினார். அவர்களை அனுமதிக்கக் கூடாது என்று இந்த நாட்டில் குரல் எழுந்தது உண்மை. ஆனாலும் அவர்கள் இங்கே இருக்க இடம் கிடைத்தது. ஊரில் எழும்பிய எத்தனை வீட்டுக்கும், படித்து முடித்த எத்தனை பிள்ளைக்கும் பின்னால், இப்படி வந்து சேர்ந்த ஒரு மாமாவோ சித்தியோ இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் பாதுகாப்பாக வந்து நின்றதால்தான் பத்துப் பேருக்கு அனுப்ப முடிந்தது. எதிரணி சொல்லும் பத்துக் குடும்பத்துச் சோறும் அங்கிருந்துதான் வருகிறது.

அதே 1986இல்தான் அகதிகளுக்கு உதவுவோருக்கான ஐக்கிய நாடுகளின் நான்சன் விருது கனடா மக்களுக்கு, ஒரு நாட்டு மக்கள் முழுப்பேருக்கும், கொடுக்கப்பட்டது. காரணம், 1979, 80இல் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்த ஏறக்குறைய 60,000 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைப் பொறுப்பெடுத்தது அரசு இல்லை. தேவாலயச் சபைகள், அயலவர்கள், சாதாரண ஆட்கள். அந்த முறை இன்றும் இருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரு வருடத்துக்கு ஒரு குடும்பத்தைப் பொறுப்பேற்பது அதில் ஒரு வழி; அதற்கு வந்த தடையைப் பிறகு சொல்கிறேன். எயார்போட்டுக்குக் குளிர்ச் சட்டையோடு போவது, வீடு பார்ப்பது, ஹெல்த் கார்ட் எடுத்துக் கொடுப்பது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எந்த பஸ், எந்த நிறுத்தம் என்று கூடவே போய்க் காட்டுவது. ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் காசு கட்டி, ட்ரான்சிற்றில், இடைவழி நாடுகளில், தனியாக நின்று வந்த எங்கள் ஆட்களுக்குத் தெரியும், முதல் மாதத்தில் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று.

இப்போது எதிரணியின் மற்ற வாதம்: ஊரை விட்டுப் பிடுங்கினால் மொழி போகும், முதியவர்கள் தனித்துப் போவார்கள். போகலாம். ஆனால் போவதா, இருப்பதா என்று அந்தக் குடும்பமல்லவா முடிவெடுக்க வேண்டும். நாங்கள் வேண்டுவதெல்லாம், போக நினைப்பவருக்கு நேரான வழி ஒன்று.

நேரான வழி அடைபட்டால் என்ன நடக்கும் என்பதை 2015 செப்டம்பர் 2 காட்டியது. சிரியப் பிள்ளை அலன் குர்தி, இரண்டு வயது, படகு கவிழ்ந்து துருக்கியின் போட்ரம் கரையில் உயிரற்றுக் கிடந்தான். தாயும் தமையனும் அதே கடலில் போனார்கள். அந்தப் பிள்ளையின் அத்தை பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்தார். ஐந்து பேர் குழு சேர்த்து, முதலில் ஒரு சகோதரரின் குடும்பத்துக்கு விண்ணப்பம் போட்டார். அகதி என்று அங்கீகரித்த பத்திரம் இல்லையென்று அது திரும்பி வந்தது. துருக்கியோ ஐரோப்பாவிலிருந்து வருவோரைத் தவிர வேறு யாரையும் உடன்படிக்கைப்படி அகதியாக ஏற்பதில்லை. பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? பிறகு அலனின் தகப்பனுக்கு அத்தை காசு அனுப்பினார். அந்தக் காசு படகுக்குப் போயிற்று. அந்த அத்தையை நான் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன். பாசத்தில் எதிரணி சொல்வதையும் செய்தார், நாங்கள் சொல்வதையும் செய்து பார்த்தார். அலன் இறந்த அதே செப்டம்பரில் கனடா சிரியருக்கு அந்தப் பத்திரம் வேண்டாம் என்றது. டிசம்பரில் அதே சகோதரர் குடும்பத்தோடு வன்கூவரில் வந்து இறங்கினார். பத்திர விதி தளர்ந்ததும் நாலு மாதத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள், நடுவர் அவர்களே.

இன்றைக்கு அந்த வாசல் மறுபடியும் ஒடுங்கியிருக்கிறது. விண்ணப்பங்கள் தேங்கிவிட்டன என்று, 2024 நவம்பர் இறுதியில் ஐந்து பேர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களை அரசு நிறுத்தி வைத்தது. ஆகவே பணத்தோடு நிற்போம் என்பார் எதிரணியின் அடுத்த பேச்சாளர். அரசோடு ஒப்பந்தம் செய்த சபைகளும் சமூக அமைப்புகளும் இருக்கின்றன, அவற்றோடு சேர்ந்து செய்யலாம். இந்தத் தொகுதியின் எம்பியிடம் போய், ஐந்து பேர் வழியைத் திறவுங்கள் என்று கேட்கலாம். கேட்க எங்களை விட உரிமை உள்ளவர் யார்?

அந்தப் பேச்சாளரிடம் ஒரு கேள்வி. மாதம் எவ்வளவு டொலர் அனுப்பியிருந்தால் அலனின் தகப்பன் அந்தப் படகில் ஏறாமல் இருந்திருப்பார்? தொகையைச் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.