விண்டோஸில் இந்த ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா, பாருங்கள்

வணக்கம் நண்பர்களே! 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது பலருக்கு நினைவிருக்கும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் ஒரு நல்ல பாதுகாப்பைச் சேர்த்தது: கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ். இதை நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

இது ஏன் தேவை என்றால், நீங்கள் திறக்கும் எந்த ப்ரோக்ராமும் உங்கள் பெயரில்தான் ஓடுகிறது. நீங்கள் அழிக்கக்கூடிய ஃபைலை அதுவும் அழிக்கலாம். மெயிலில் வந்த பொய்யான இன்வாய்ஸைத் திறந்தாலும் இதே கதைதான். இந்த வசதி ஆனில் இருந்தால், ஃபைலை மாற்ற வருவது நம்பகமான ப்ரோக்ராமா என்று விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பார்க்கும். இல்லையென்றால் அங்கேயே தடுத்துவிடும்.

சரி, எங்கே இருக்கிறது? விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷனுக்குள் போங்கள். கீழே மேனேஜ் ரான்சம்வேர் ப்ரொடெக்‌ஷன் இருக்கும், அதற்குள்தான் ஸ்விட்ச். வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் இது வேலை செய்யாது.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவை தானாகவே பாதுகாப்புக்குள் வந்துவிடும். ஆனால் நம் ஊரில் கடைக் கணக்கு, கல்யாண போட்டோ எல்லாம் டி டிரைவில்தானே கிடக்கிறது! ப்ரொடெக்டட் ஃபோல்டர்ஸில் அந்த ஃபோல்டரையும் சேருங்கள். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கும்.

அப்புறம், அதிகம் பேர் பயன்படுத்தாத சின்ன மென்பொருள்களை இது சில நேரம் தடுக்கும். சேவ் ஆகவில்லை என்ற எரிச்சலில் பலர் மொத்தமாக ஆஃப் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிளாக் ஹிஸ்டரியில் எது தடுக்கப்பட்டது என்று பார்த்து, உங்களுக்குத் தெரிந்த மென்பொருளாக இருந்தால் அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பெயரே தெரியாத ஒன்று அங்கே இருந்தால் அனுமதிக்காதீர்கள், முழு ஸ்கேன் போடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். இது மாற்றுவதைத்தான் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது. ஃபைலை நகலெடுத்துத் திருடுகிறவனை இது நிறுத்தாது. ஹார்ட் டிஸ்க் பழுதானாலும் காப்பாற்றாது. அதனால் வெளி டிஸ்க்கில் ஒரு பேக்கப் எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.