கடம் வாசிக்கிறவர் கலைஞர், சரி. கடம் செய்யறவர்?

கேள்வி: ஐயா, போன வீடியோவுல குயவர், தச்சர், செவிலியர் எல்லாரையும் கலைஞர்னு சொன்னீங்க. அப்படிப் பார்த்தா எல்லாருமே கலைஞர்தானே? வருஷக்கணக்கா சாதகம் பண்ணி மேடை ஏறுறவங்களுக்கு அப்புறம் என்ன மரியாதை இருக்கு?

பதில்: கேள்வியில கொஞ்சம் வருத்தம் தெரியுது. நியாயமான வருத்தம்தான். விடியக்காலையில எழுந்து தொண்டையைப் பழக்கிறவங்க, விரல் காய்க்கக் காய்க்க வாசிக்கிறவங்க, அவங்க உழைப்பு சாதாரணம் இல்லை. அதனால முதல்ல இதைச் சொல்லிடறேன். எல்லாருமே கலைஞர்னு நான் சொல்லலை. கலைஞர் எந்தத் தொழில்ல வேணும்னாலும் இருக்கலாம்னுதான் சொன்னேன். ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

மானாமதுரையை எடுத்துக்குங்க. சிவகங்கை மாவட்டம், வைகைக் கரை. கச்சேரியில வாசிக்கிற மண்பானை வாத்தியமான கடத்துக்குப் பேர்போன ஊர். மிருதங்கத்துல சுருதி கொஞ்சம் இறங்கினா, வித்வான் மேடையிலேயே கல்லால தட்டிச் சேர்த்துக்குவார். கடத்துல அந்த வசதி கிடையாது. சுட்டு எடுத்த பிறகு அதோட சுருதி அளவு ஒரு கட்டைன்னா ஒரு கட்டைதான், அஞ்சு கட்டைன்னா அஞ்சு கட்டைதான். அதனாலதான் கட வித்வான்கள் சுருதிக்கு ஒண்ணுன்னு வரிசையா வாங்கி வச்சிருப்பாங்க.

இப்போ செய்யறவங்க பக்கம் உட்கார்ந்து பாருங்க. சக்கரத்துல வனைஞ்சு எடுத்த பானை கொஞ்சம் இறுகணும். அப்புறம் ஒரு கை உள்ளே கல்லை வச்சுத் தாங்கும், இன்னொரு கை வெளியே மரப்பலகையால தட்டும். ஒரு கடத்துக்கு ஆயிரக்கணக்கான தட்டு விழும். சுவர் சுத்திலும் ஒரே கனமா வரணும், ஒரு இடம் மெலிஞ்சாலும் நாதம் கெட்டுப்போகும். சிரமம் என்னன்னா, பச்சை மண்ணுல சுருதி கேட்காது. தட்டினா சொத்துன்னு இருக்கும். காயும்போது மண் சுருங்கும், சூளையில வேகும்போது இன்னும் மாறும். அதெல்லாம் முடிஞ்ச பிறகு வரப்போற சுருதிக்காகத்தான் அந்தக் கை இன்னிக்கே தட்டிக்கிட்டு இருக்கு. தப்பினா அது தண்ணிப் பானை, கடம் இல்லை. அந்த ஊர் மீனாட்சி கேசவன் அம்மா 2014இல் சங்கீத நாடக அகாடமி விருது வாங்கினாங்க, வாத்தியம் செஞ்சதுக்காக. நம்ம சங்கீத உலகம் சந்தோஷப்பட வேண்டிய விஷயம் அது.

சரி, கடம் சங்கீதத்தோட ஒட்டின பொருள், அதனால ஒத்துக்கலாம்னு சொல்வீங்க. ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஜெய்ப்பூர், 1960கள். கால் இழந்தவங்களுக்கு அப்போ கிடைச்ச செயற்கைக் கால், ஷூ போட்டுக்கிட்டு நாற்காலியில உட்கார்றவங்களுக்காகச் செஞ்சது. நம்ம விவசாயி என்ன பண்ணுவார்? வெறுங்காலோட வயல்ல இறங்கணும், சம்மணம் போட்டு உட்காரணும், குத்துக்கால் வச்சு உட்காரணும். அந்தக் கால் அதுக்கெல்லாம் மடங்காது. நிறைய பேர் அதைக் கழட்டிப் போட்டுட்டு ஊன்றுகோலுக்கே திரும்பிட்டாங்க. அந்த ஆஸ்பத்திரியில ராம் சந்திர சர்மான்னு ஒரு கைவினைஞர் இருந்தார். பெரிய படிப்பு கிடையாது. டாக்டர் பி.கே. சேத்தியோட சேர்ந்து ரப்பர், மரம், ஸ்பாஞ்ச் வச்சு, எல்லாப் பக்கமும் வளைஞ்சு கொடுக்கிற பாதத்தை உருவாக்கினார். பார்க்கவும் பாதம் மாதிரியே இருக்கும், வெறுங்காலா நடக்கலாம்.

சுதா சந்திரன் 1981இல் திருச்சி பக்கத்துல நடந்த விபத்துக்குப் பிறகு காலை இழந்தாங்க. ஜெய்ப்பூர் கால் பொருத்தி 1984இல் மறுபடி பரதம் ஆடினாங்க. ஆடினது அவங்கதான், அந்த வலியும் அவங்களோடதுதான், அதுல பங்கு கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனா தரையில தட்டுற அந்தப் பாதத்தை முதல்ல மனசுல பார்த்த கைவினைஞரை என்னன்னு கூப்பிடுவீங்க? டாக்டர் சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைச்சது, முழுத் தகுதியோட. ராம் சந்திர சர்மா பேர் நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்போ யாரைக் கலைஞர்னு சொல்றது, எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டா, அந்தத் தொழில்ல இருக்கிறவங்களையே கேளுங்க. அவங்களுக்குத் தெரியும். குழந்தைகள் வார்டுல பச்சைக் குழந்தைக்கு ட்ரிப்ஸ் போடணும், நரம்பு கிடைக்கலை. ரெண்டு பேர் முயற்சி பண்ணிட்டாங்க. உடனே அங்க ஒரு பேர் சொல்லுவாங்க, அந்த சிஸ்டரைக் கூப்பிடுங்கன்னு. அவங்க வந்து உடனே ஊசியை எடுக்க மாட்டாங்க. சின்னக் கையை உள்ளங்கையில வச்சுச் சூடு பண்ணி, விரல் நுனியால தடவிப் பார்ப்பாங்க. கண்ணுக்குத் தெரியாததை விரல்ல பார்க்கிறாங்க. பயிற்சி எல்லா செவிலியருக்கும் ஒண்ணுதான். பாடம் முடிஞ்ச இடத்துல இவங்க சொந்தமா ஒரு முடிவு எடுக்கிறாங்க பாருங்க, அதைத்தான் நான் கலைன்னு சொல்றேன். அதே வார்டுல கடமைக்கு வேலை பார்க்கிறவங்களும் இருப்பாங்க, அவங்களை நான் கலைஞர்னு சொல்லலை. மனசு வைக்காம ஒப்பிச்சுட்டு இறங்குற பாடகரையும் சொல்லலை.

இதுல பேசியே ஆகவேண்டிய இன்னொரு விஷயம் இருக்கு. மண்ணையும் தோலையும் தொடுற கையை நாம தொழிலாளின்னு ஒதுக்கினதுக்கு ஜாதிதான் காரணம். வேற பேர் வச்சு அதை மறைக்கக் கூடாது. மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் இல்லாம மிருதங்கம் இல்லை. அந்தத் தோலைப் பதம் பார்த்து மூட்டுறவங்க பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரைத் தெரியாத ரசிகர் இல்லை. அவருக்கு மிருதங்கம் செஞ்ச பர்லாந்து பேரைச் சொன்னா யாருன்னு கேட்கிறாங்க. மணி ஐயர் தேடின நாதத்தைக் காதுல வாங்கி, தோல்ல கொண்டு வந்தவர் அவர். இதனால மணி ஐயர் வாசிப்புக்கு ஒரு துளி மரியாதை குறைஞ்சுதா? நம்ம கேட்கிற விதம்தான் கூடுது. அந்த 'தொம்' எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சு கேட்கிறோம்.

அதனால சாதகம் பண்றவங்களுக்கு என்ன மரியாதைன்னு கேட்டீங்கல்ல, அது அப்படியே இருக்கும். நான் கேட்கிறது சின்ன விஷயம். சபா அழைப்பிதழ்ல வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம்னு பேர் போடறோம். கீழே வாத்தியம் செஞ்சவங்க பேரையும் ஊரையும் ஒரு வரி போடலாம், அவங்களுக்கு முன்வரிசையில ரெண்டு நாற்காலி போடலாம். உங்கள்ல சபா நடத்துறவங்க, கோயில் கச்சேரி ஏற்பாடு பண்றவங்க இருந்தா இந்த மார்கழிக்கே செஞ்சு பாருங்க. செஞ்சா எனக்கு எழுதுங்க, அந்த அழைப்பிதழை இங்கேயே காட்டுறேன்.